கல்லாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் என் சித்தி மகள் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். சேலைப் பிரிவு. ஒரு ஆடி மாதம், வீட்டுப் படைப்புக்காகச் சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருந்த ஓர் ஆச்சி அங்கே வந்து கண்டாங்கி கேட்டிருக்கிறார். கடுகு மஞ்சளில் பெரிய கட்டமும் அகலமான அரக்குக் கரையும் கொண்ட ஒரு சேலையை இவள் விரித்துப் போட்டாள். ஆச்சி துணியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது கைத்தறிதானே?" என்று கேட்டார்.

அது விசைத்தறி என்று இவளுக்குத் தெரியும். சரக்குக் கட்டைப் பிரித்து அடுக்கியவளே இவள்தான். ஆனால் அலமாரிக்கு மேலே "அசல் கைத்தறிக் கண்டாங்கி" என்று பலகை தொங்குகிறது. பலகைக்கு மேலே கேமரா இருக்கிறது. பேச்சும் அதில் பதிவாகும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே மேலாளர் சொல்லியிருக்கிறார். "கைத்தறிதான் ஆச்சி" என்று சொல்லிவிட்டாள்.

அன்று இரவு போனில் அழுதுகொண்டே இதைச் சொன்னாள். "அண்ணே, பொய் சொன்னதற்கு என்னைப் பிடிப்பார்களா? உண்மையைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்குமா?" என்று கேட்டாள். நான் சட்டம் படித்தவன் என்பதால் என்னிடம் கேட்டாள். அந்த இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. ஏமாற்று விளம்பரத்துக்குச் சட்டம் போடும் எல்லையும், ஊழியரைக் கண்காணிப்பதற்குச் சட்டம் போடும் எல்லையும் புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களாக இருக்கின்றன. அந்தச் சேலைப் பிரிவிலோ இரண்டும் ஒரே பெண்ணின் தலைக்கு மேலே தொங்கின.

முதலில் பலகையைப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை விட இது பல வகையில் கூர்மையானது. 'தவறாக வழிநடத்தும் விளம்பரம்' எது என்பதை அதன் 2(28) பிரிவு விளக்குகிறது. பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் தருவது, பொய்யான உத்தரவாதம் தருவது, தரம், அளவு, தன்மை குறித்து வாங்குபவரைத் தவறான எண்ணத்துக்கு ஆளாக்குவது ஆகியவை அதில் அடங்கும். முக்கியமான ஒரு தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அடங்கும். இந்தக் கடைசி வரிதான் மிக முக்கியமானது என்று நான் கருதுகிறேன். பலகையில் வெறுமனே "கண்டாங்கி" என்று எழுதிவிட்டு, விசைத்தறி என்பதைச் சொல்லாமல் கைத்தறியின் விலையை வாங்கினாலும் அந்த வரியிலிருந்து தப்பிப்பது கடினம்.

பலகையில் இருப்பது மட்டும் கணக்கில்லை. நேர்மையற்ற வணிக நடைமுறையை விளக்கும் 2(47) பிரிவு, வாய்ச்சொல்லானாலும் எழுத்தானாலும் கண்ணில் படும் காட்சியானாலும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கிறது. ஆகவே என் தங்கை சொன்ன அந்த இரண்டு வார்த்தைகள் சட்டத்தின் பார்வையில் கடையின் வார்த்தைகள். ஆச்சி நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு கொடுக்கவும், முன்பு செய்த விளம்பரத்தைத் திருத்தி மறுவிளம்பரம் தன் செலவிலேயே வெளியிடவும் ஆணையம் அவருக்கு உத்தரவிடலாம். தங்கையின் முதல் கேள்விக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். வழக்கில் நிற்க வேண்டியது அவள் அல்ல.

கண்டாங்கிக்கு இன்னொரு வேலியும் உண்டு. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செட்டிநாட்டின் பனையோலைக் கூடையான கொட்டானுக்கும் அது இருக்கிறது. பதிவு செய்த ஒரு பெயரைப் பொய்யாகப் பயன்படுத்துபவருக்கு 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிவைத்த 1985ஆம் ஆண்டின் சட்டமும் உண்டு. காகிதத்தில் நெசவாளருக்கு அரண் போதுமான அளவு இருக்கிறது. அந்த அரணில் ஏறி நின்று "இது என் தறியில் வந்தது இல்லை" என்று கத்துவதற்கு அவருக்கு நேரமும் பணமும் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது செய்யப்படுவதைப் பட்டறையில் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் ஏமாற்று எங்கே நுழைகிறது என்பது விளங்கும். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, அதன் அறைகளுக்குள் நிறம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை அப்படியே மேலே தூக்கினால் பூ கண்ணாடியில் நின்றுவிடும். அதன்மேல் உலர்ந்த சிமென்டும் மணலும், அதற்கும் மேலே ஈரக் கலவை. கல் இறுகிய பிறகு நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைப்பார்கள். சூளைக்குப் போவதே இல்லை. கண்ணாடியின் வழுவழுப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. நடக்க நடக்க அந்தப் பளபளப்பு கூடும். இதே பூவை எந்திரத்தில் அச்சடித்து, பீங்கான் ஓட்டின் மேல் ஒட்டி, "ஆத்தங்குடி டைல்ஸ்" என்று விற்கிறார்கள். "ஆத்தங்குடி மாதிரி" என்று விற்றால் குற்றமில்லை. அந்த 'மாதிரி' என்ற ஒரு சொல்லை விழுங்கிவிடும்போது, மேலே சொன்ன மறைத்தல் என்ற வரி வந்து கடைக்காரரின் கழுத்தைப் பிடிக்கிறது.

எல்லா மிகையும் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. "உலகிலேயே ருசியான சீடை" என்று எழுதினால் யாரும் வழக்குப் போட முடியாது. அதை எவரும் அளந்து நிரூபிக்கவோ மறுக்கவோ வழியில்லை. அளக்கக்கூடிய ஒன்றைச் சொல்லும்போதுதான் பொறுப்பு பிறக்கிறது. 1890களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு மருந்துக் கம்பெனி, தன் புகை உருண்டையைச் சொன்னபடி பயன்படுத்தியும் சளிக்காய்ச்சல் வந்தால் 100 பவுன் தருவதாகவும், அதற்கு அடையாளமாக 1,000 பவுன் வங்கியில் போட்டிருப்பதாகவும் விளம்பரம் செய்தது. கார்லில் என்ற பெண்மணிக்குக் காய்ச்சல் வந்தது. "வெறும் விளம்பரப் பேச்சுதானே" என்ற கம்பெனியின் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பணத்தை வங்கியில் போட்டதாகச் சொன்ன பிறகு அது பேச்சாக இருக்க முடியாது என்றது. இன்றும் சட்டக் கல்லூரியில் முதல் ஆண்டிலேயே இதைப் படிக்கிறோம். "அசல்", "கைத்தறி", "ஆத்தங்குடி" எல்லாம் அந்த 1,000 பவுன் வகையைச் சேர்ந்த சொற்கள்.

பலகாரக் கடைக்காரர்களுக்கு ஒரு செய்தி. 2018ஆம் ஆண்டின் உணவு விளம்பர விதிமுறைகளின்படி, 'வீட்டில் செய்தது', 'வீட்டுச் சமையல்' போன்ற சொற்கள் வாங்குபவருக்குத் தவறான எண்ணத்தைத் தருமானால் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. 'பாரம்பரியம்' என்று போட வேண்டுமானால் அந்தச் செய்முறை குறைந்தது 30 ஆண்டுகளாவது வழக்கில் இருந்திருக்க வேண்டும். கடையின் பெயரிலேயே 'அசல்', 'தூய' போன்ற அடைமொழி இருந்து அது வாங்குபவரை மயக்கக்கூடும் என்றால், இது வெறும் பெயர்தான், பொருளின் தன்மையைக் குறிக்காது என்று 3 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் அச்சிட வேண்டும். செட்டிநாடு என்ற பெயரைப் போட்டு மசாலாப் பொடி விற்கும் வெளியூர்க்காரர்கள் பலருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஆடித் தள்ளுபடிக்கும் விதி உண்டு. 2022 ஜூன் 9 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, சொன்ன விலையில் விற்கப் போதுமான சரக்கு இல்லாமல் ஆளை உள்ளே இழுக்கும் தூண்டில் விளம்பரம் கூடாது. பெரிய எழுத்தில் தமிழில் ஒன்றைச் சொல்லிவிட்டு, நட்சத்திரம் போட்டு அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் நிபந்தனை போடுவதும் கூடாது. விளம்பரம் எந்த மொழியோ நிபந்தனையும் அந்த மொழியில் இருக்க வேண்டும். பொய் விளம்பரத்துக்குத் தயாரிப்பாளருக்கும், அதில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் முதல் முறை 10 லட்சம், அடுத்தடுத்த முறை 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட அந்த ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. பரிந்துரைத்த நடிகர் உரிய அளவு விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் நடித்தார் என்று காட்டினால் அவர் தப்பலாம். இல்லையேல் ஓராண்டு வரை அவர் வேறு எதையும் பரிந்துரைக்க முடியாது.

ஆகக் கல்லாவுக்கு முன்னால் நிற்கும் ஆச்சிக்குச் சட்டம் பெரிய துணை. சென்னைக்குத் திரும்பிய பிறகு அங்கிருந்தே அவர் புகார் கொடுக்கலாம். வாங்கிய இடத்துக்கு வர வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையான கொள்முதலுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 1915 என்ற எண்ணில் கூப்பிட்டும் முறையிடலாம். பில் தர மறுப்பதே நேர்மையற்ற நடைமுறை என்று சட்டம் சொல்கிறது. அதனால் சேலை வாங்கும் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பில்லில் 'கைத்தறி' என்று எழுதிக் கேளுங்கள். பில் போடுபவரின் கை அந்த இடத்தில் தயங்கினாலே உங்களுக்கு விடை கிடைத்துவிடும்.

பில் போடும்போது ஆச்சி கொடுத்த போன் நம்பரைக்கூட அதே 2(47) பிரிவு காக்கிறது. நம்பிக் கொடுத்த சொந்தத் தகவலைச் சட்டம் அனுமதிக்காத வகையில் மற்றவருக்குக் கொடுத்தால் அதுவும் நேர்மையற்ற நடைமுறைதான்.

இனிக் கல்லாவுக்கு அந்தப் பக்கம் வருவோம். அங்கே நிற்பவளின் முகம், நடை, பேச்சு, கழிப்பறைக்குப் போய் வர ஆன நேரம் எல்லாம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் பதிவாகின்றன. முதலாளி தன் ஊழியரை எந்த அளவுக்குக் கண்காணிக்கலாம் என்று வரையறுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் கேமரா வைக்கச் சொல்லும் விதிகள் தமிழ்நாட்டில் 2012 முதல் இருக்கின்றன. அவை பாதுகாப்புக்காக வந்தவை. திருடனுக்காக வைத்த கண் மெல்லத் திரும்பி, விற்பனைப் பெண் எப்போது சுவரில் சாய்கிறாள் என்று பார்க்கத் தொடங்கியதை எந்த விதியும் கேட்கவில்லை.

கண்காணிப்பு செட்டிநாட்டுக்குப் புதியது இல்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்த நகரத்தார், தேவகோட்டையிலோ கானாடுகாத்தானிலோ இருந்துகொண்டே கடல் கடந்த கடையை நடத்தினார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, பிறகு மேலாள் ஆவான். முதலாளியின் கண் பேரேட்டிலும் ஐந்தொகையிலும் இருந்தது. கணக்கு வந்தாக வேண்டும், வட்டி பைசா சுத்தமாகப் பொருந்தியாக வேண்டும். அந்த ஏற்பாட்டிலும் கடுமை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்ன பார்க்கப்படுகிறது என்பது பார்க்கப்படுபவனுக்குத் தெரியும். அந்தக் கணக்கை எழுதியவனே அவன்தான். இன்று என் தங்கையைப் பற்றிய பதிவில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

இந்திய அரசியல் சாசனத்தின்படி அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்த உரிமையைக் குறைக்க ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், தேவைக்கு மிஞ்சாத அளவும் வேண்டும் என்றார்கள். மிகச் சிறந்த அளவுகோல்தான். ஆனால் அது முதன்மையாக அரசின் கையைக் கட்டுவதற்காக வந்தது. ஜவுளிக்கடை முதலாளியின் கை வரை அதை நீட்ட வேண்டிய வேலை நாடாளுமன்றத்துடையது.

நாடாளுமன்றம் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் என்று கெடு வைத்திருக்கிறார்கள். ஒருவரின் தகவலை எடுக்க அவருடைய சம்மதம் வேண்டும் என்பதே இந்தச் சட்டத்தின் உயிர். ஆனால் 7ஆம் பிரிவில் ஒரு கதவு திறந்திருக்கிறது. வேலைவாய்ப்புத் தொடர்பான காரியங்களுக்காகவோ, முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்காகவோ என்றால் ஊழியரின் சம்மதம் தேவையில்லை. சம்மதமே இல்லாததால், சம்மதத்தைக் கேட்கும்போது தர வேண்டிய அறிவிப்பும் இல்லை. என் தகவல் என்னென்ன உங்களிடம் இருக்கிறது என்று கேட்கும் உரிமையும், தவறைத் திருத்தச் சொல்லும் உரிமையும் சம்மதம் கொடுத்தவருக்கே உண்டு என்று சட்டம் வைத்திருப்பதால், அவையும் இந்த ஊழியருக்குக் கிடைக்காது.

இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் அது தணியவில்லை. அதே பெண் மாலையில் கடையை விட்டு இறங்கி எதிர்க்கடையில் ஒரு செருப்பு வாங்கினால், நம்பிக் கொடுத்த போன் நம்பருக்குக்கூடச் சட்டம் காவல் நிற்கிறது. காலையில் படியேறி வேலைக்கு வந்தவுடன் அவள் முகத்துக்கே காவல் இல்லை.

ஐரோப்பாவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போய்த் தெளிவாகியிருக்கிறது. ருமேனியாவில் பெர்புலெஸ்கு என்ற விற்பனைப் பொறியாளரின் சாட் உரையாடல்களைக் கம்பெனி படித்து அவரை வேலையை விட்டு நீக்கியது. கண்காணிப்பு எத்தகையது, எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்பதால், அவருடைய உரிமையை நாட்டு நீதிமன்றங்கள் சரியாகக் காக்கவில்லை என்று 2017இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கு எதிர்த்திசையில் 2019இல் ஸ்பெயின் நாட்டுச் சூப்பர் மார்க்கெட் வழக்கு வந்தது. சரக்குக் கணக்கில் பெரிய ஓட்டை விழுந்ததால் முதலாளி பத்து நாள் கல்லாவுக்கு மேலே மறைவான கேமரா வைத்தார். திருடிய ஊழியர்கள் சிக்கினார்கள். வலுவான சந்தேகம் இருந்தது, பத்தே நாள், மக்கள் நடமாடும் இடம், எடுத்த பதிவைப் பார்த்தவர்களும் சிலரே என்பதால் அந்த நீதிமன்றம் முதலாளியின் பக்கம் நின்றது. கழிப்பறை, உடைமாற்றும் அறை போன்ற இடங்களில் எதிர்பார்க்கும் அந்தரங்கம் மிக உயர்ந்தது என்பதையும் சேர்த்தே சொன்னது. இந்த இரண்டாவது தீர்ப்பும் எனக்கு நியாயமாகவே படுகிறது. கல்லாவில் கை வைப்பவரைப் பிடிக்க வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? நியூயார்க் மாநிலத்தில் 2022 மே முதல், ஊழியரின் போன், மின்னஞ்சல், இணையப் பயன்பாட்டைக் கண்காணிக்கும் முதலாளி வேலைக்குச் சேர்க்கும்போதே அதை எழுத்தில் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

இங்கே நமக்கு இருப்பவை துண்டுத் துணிகள். ஆனாலும் அவற்றைச் சேர்த்துத் தைத்தால் ஓரளவு உடம்பை மூடும். உடைமாற்றும் அறையிலோ கழிப்பறையிலோ கேமரா வைத்துப் பெண்ணைப் படம் பிடிப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின் கீழ் குற்றம். முதல் முறைக்கே ஒன்று முதல் மூன்று ஆண்டு சிறை. ஊழியரின் சொந்த போனை அவர் அனுமதி இல்லாமல் திறந்து வாட்ஸ்அப் படிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளுக்குள் வரக்கூடியது. கேமராப் பதிவை வெட்டி, "பாருங்கள் எப்படித் தூங்குகிறாள்" என்று மேலாளர்களின் குழுவில் போடுவது எந்த வகையிலும் வேலைவாய்ப்புக் காரியம் ஆகாது. புதிய தரவுச் சட்டத்தின் அந்தக் கதவுகூட அதற்குத் திறக்காது. பதிவைப் பத்திரமாக வைக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பதையும் அதே சட்டம் சொல்கிறது.

எல்லாவற்றையும் விட, சேலைப் பிரிவில் நிற்பவருக்கு உடனே பயன்படுவது சம்பளச் சட்டம்தான். என் தங்கைக்கு அடுத்த மாதம் 500 ரூபாய் பிடித்திருந்தார்கள். காரணம், மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தாள், கேமராவில் இருக்கிறது. அவள் சம்பளம் 9,000.

2021இல் தமிழ்நாடு தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வசதி செய்ய வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பது அதன் சாரம். கேரளம் இதை 2018இலேயே செய்தது. உட்காருவது சட்டம் கொடுத்த உரிமை; அதைக் குற்றமாகக் கேமராவில் காட்ட முடியாது.

அபராதத்துக்கும் எல்லை உண்டு. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் சொன்னதை, 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் சொல்கிறது. எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்று அரசின் முன் ஒப்புதல் பெற்று அறிவிப்பாக ஒட்டியிருக்க வேண்டும். ஊழியருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். ஒரு சம்பளக் காலத்தில் சம்பளத்தின் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வசூலித்த பணத்தைப் பதிவேட்டில் எழுதி, ஊழியர்களின் நன்மைக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும். 9,000 ரூபாயில் 3 சதவீதம் 270 ரூபாய். 500 பிடித்தது அந்தக் கணக்கிலேயே உடைந்துவிடுகிறது. மற்ற நிபந்தனைகளில் ஒன்றுகூட அந்தக் கடையில் நிறைவேறவில்லை.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் மேலாளரிடம் சண்டை போடவில்லை. "சார், அபராதப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்" என்று மட்டும் கேட்டாள். அப்படி ஒரு பதிவேடு இருக்க வேண்டும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அடுத்த சம்பளத்தில் 500 ரூபாய் திரும்பி வந்தது. சேலைப் பிரிவுக்கு நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல்களும் வந்தன.

"அசல் கைத்தறிக் கண்டாங்கி" பலகை இன்னும் அங்கேயே தொங்குகிறது. அந்த ஆச்சியின் பில்லில் வெறும் 'காட்டன் சேலை' என்றுதான் இருந்ததாம்.